கேமரா எதுவானாலும் லென்ஸ் ஒன்றே: படமெடுப்பவர்களுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

குறும்படம், ஆல்பம் பாட்டு, கல்யாண வீடியோ என்று சொந்தக் காசில் படமெடுக்கும் நண்பர்களே! இன்றைக்குக் கையில் இருப்பது நண்பரின் சோனி, அடுத்த மாதம் வாடகைக்கு வருவது பிளாக்மேஜிக், தயாரிப்பாளர் கிடைத்துவிட்டால் ரெட். கேமரா பாடி இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் சினி லென்ஸ் ஒன்று நம்மிடம் இருந்தால் செலவும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். அதைப் பார்த்து வாங்கவும், வாங்கியதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் சில யோசனைகள் இதோ.

1. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு போதும் என்றால் லென்ஸை வாங்குங்கள், பாடியை வாடகைக்கு எடுங்கள். புது மாடல் வந்ததுமே பழைய பாடியின் விலை இறங்கிவிடும். சுத்தமாக வைத்திருந்த லென்ஸைப் பல வருடம் கழித்தும் கௌரவமான விலைக்கு விற்கலாம். 2023-ல் வந்த 'தி கிரியேட்டர்' படத்தை எடுத்தது சோனி எஃப்.எக்ஸ்.3 என்ற சின்ன கேமராவில்தான். அதில் பெரும்பாலும் மாட்டியிருந்தது கோவா என்ற பழைய ஜப்பானிய அனமார்ஃபிக் லென்ஸ்.

2. ஒரு லென்ஸ் எந்தெந்தப் பாடியில் உட்காரும் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்கு போதும்: மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம். நோட்டின் பின்னட்டையில் இதை எழுதி வையுங்கள்: பி.எல். 52 மி.மீ., நிக்கான் எஃப் 46.5, கேனான் இ.எஃப். 44, கேனான் ஆர்.எஃப். 20, எல் மவுண்ட் 20, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25, சோனி இ 18, நிக்கான் இசட் 16. கடைக்காரர் எது சொன்னாலும் இந்தப் பட்டியலோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம்.

3. லென்ஸின் எண் பெரிதாகவும் பாடியின் எண் சிறிதாகவும் இருந்தால் நடுவில் ஒரு வளையம் போட்டு மாட்டிவிடலாம். இ.எஃப். லென்ஸைச் சோனியில் மாட்ட 44-ல் 18 போக 26 மி.மீ. இடம் இருக்கிறது, அதுதான் அடாப்டரின் கனம். சோனி லென்ஸை இ.எஃப். பாடியில் மாட்ட இந்த மாதிரி வெறும் வளையம் கிடையாது. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

4. பல கேமராவுக்கு ஒரே லென்ஸ் என்று முடிவு செய்துவிட்டால், என் ஓட்டு இ.எஃப். மவுண்ட்டும், கையால் திருப்பும் அபெர்ச்சர் வளையமும் உள்ள சினி லென்ஸுக்குத்தான். பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே-யில் அது நேராகவே உட்காரும். எஃப்.எக்ஸ்.3, கேனான் சி70, ரெட் கொமோடோ, பானசோனிக் ஜி.ஹெச்.5 என்று எது வந்தாலும் அடாப்டர் சுலபமாகக் கிடைக்கும். அபெர்ச்சர் நம் கையிலேயே இருப்பதால் எலெக்ட்ரானிக் அடாப்டர் தேவையில்லை, சாதாரண உலோக வளையமே போதும். கொரியாவின் சம்யாங் கம்பெனி போடும் டி 1.5 வரிசை இப்படிப்பட்டதுதான். முதல் லென்ஸாக வாங்குகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

5. இ.எஃப். என்றதும் கேனானின் சாதாரண போட்டோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதில் அபெர்ச்சர் வளையமே இருக்காது, பாடியிலிருந்து மின்சாரம் வந்தால்தான் இதழ்கள் அசையும். மின்சாரம் கடத்தும் பின் இல்லாத மலிவு அடாப்டரில் மாட்டினால் முழுதாகத் திறந்தபடியே நிற்கும்.

6. ஏற்கெனவே அந்த மாதிரி லென்ஸ் வீட்டில் இருக்கிறதா? ஒரு கேனான் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டி, எஃப் 4 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு பார்க்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றுங்கள். இதழ்கள் எஃப் 4-லேயே நின்றுவிடும். அவசரத்துக்கு அதை வைத்து ஒரு நாள் ஷூட்டிங்கை ஓட்டிவிடலாம்.

7. பி.எல். மவுண்ட் பிளாக் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) செட்டை வாங்கி வைக்க வேண்டாம், தேவைப்படும் கால்ஷீட்டுக்கு மட்டும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போதே உங்கள் பாடியின் பெயரைச் சொல்லி அடாப்டரையும் சேர்த்து வாங்கி, அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லொக்கேஷனில் போய் மாட்டிப் பார்த்துப் பொருந்தாவிட்டால் ஒரு நாள் வாடகை அப்படியே போகும்.

8. மவுண்ட்டைக் கழற்றி மாற்றும் வசதியுள்ள லென்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், அதுவும் செகண்ட் ஹேண்டில் வந்தால் விடவே வேண்டாம். 2010-ல் வந்த ஸைஸ் சி.பி.2 வரிசைக்கு பி.எல்., இ.எஃப்., நிக்கான் எஃப், சோனி இ, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எல்லா மவுண்ட்டும் உண்டு. ஜூம் வேண்டுமென்றால் டி.இசட்.ஓ. பிக்டர் 20-55-ஐப் பாருங்கள், டி 2.8, பி.எல்., இ.எஃப். இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைத் தொலைத்துவிடாதீர்கள், ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

9. சோனி இ மவுண்ட்டுக்கென்றே பிறந்த லென்ஸ் எவ்வளவு அருமையாக இருந்தாலும், வாங்குமுன் "நான் சோனியை விட்டுப் போவேனா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபுஜினான் எம்.கே. 18-55 டி 2.9 அப்படியொரு லென்ஸ்: ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, ஜூம் செய்தாலும் ஃபோகஸ் நழுவாது. சோனியிலேயே இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். பிளாக்மேஜிக் 6கே-யும் எடுப்பவர்களுக்குப் பாதி நாள் பெட்டியில்தான் தூங்கும்.

10. ஒரே கேமராவுக்கென்று கட்டிய லென்ஸ் எப்படியிருக்கும் தெரியுமா? 'பாரி லிண்டன்' (1975) படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே படமெடுக்க, நாசாவுக்காகச் செய்த ஸைஸ் 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸை ஸ்டான்லி குப்ரிக் வாங்கினார். அதை மாட்டுவதற்காக ஒரு மிட்செல் கேமராவையே அறுத்து மாற்ற வேண்டியிருந்தது. படம் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் நம் பர்ஸுக்கு அந்த வழி வேண்டாம்.

11. லென்ஸ் விழுத்தும் பிம்ப வட்டத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ., சூப்பர் 35 சுமார் 25-க்கு 18.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3-க்கு 13. பெரிய வட்டம் உள்ள லென்ஸ் சின்ன சென்சாரில் தாராளமாக வேலை செய்யும். சின்ன வட்டத்தைப் பெரிய சென்சாரில் மாட்டினால் நான்கு மூலையும் கறுத்துவிடும்.

12. சிக்மா 18-35 எஃப் 1.8 பல குறும்படக்காரர்களின் செல்லப்பிள்ளை. 2013-ல் வந்தபோது, ஜூம் முழுக்க எஃப் 1.8 தந்த முதல் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் அதுதான். ஆனால் அது சூப்பர் 35-ஐ ஒட்டிய ஏ.பி.எஸ்.-சி சென்சார் அளவுக்குத்தான். எஃப்.எக்ஸ்.3-ல் மாட்டிக் க்ராப் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் 4கே கிடைக்காது, காரணம் அதன் சென்சாரில் 12 மெகாபிக்சல்தான். எஃப்.எக்ஸ்.30 அல்லது பாக்கெட் 6கே வைத்திருப்பவர்கள் கவலையில்லாமல் வாங்கலாம்.

13. எந்த மி.மீ. லென்ஸ் நம் லொக்கேஷனுக்குச் சரிப்படும் என்று பார்க்க கேமராவே வேண்டாம், மொபைல் கால்குலேட்டர் போதும். சென்சாரின் அகலத்தை லென்ஸின் மி.மீ.யால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு ஒட்டி நின்று 35 மி.மீ. போட்டால் எதிர்ச் சுவரில் ஃபுல் ஃபிரேமுக்கு 10 அடி அகலம் தெரியும், சூப்பர் 35-க்கு 7 அடி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 5 அடிக்கும் குறைவு. அதாவது கட்டிலில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் ஒரு ஃபிரேமில் வருவார்களா என்று லொக்கேஷன் பார்க்கும்போதே தெரிந்துவிடும். இன்ச் டேப் ஒன்றைப் பையிலேயே போட்டு வையுங்கள்.

14. இந்தக் கணக்கையே திருப்பிப் பார்த்தால் முதல் பிளாக்காக எதை வாங்கலாம் என்பதும் விளங்கும். 35 மி.மீ. ஃபுல் ஃபிரேமில் அறையைக் காட்டும், சூப்பர் 35-ல் கண்ணால் பார்ப்பதுபோல இயல்பாக இருக்கும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் சஜஷன், க்ளோஸ் இரண்டுக்கும் உதவும். பாடி மாற மாற ஒரே லென்ஸ் மூன்று வேலை பார்க்கிறது.

15. ஒரே ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தயங்குகிறவர்கள் ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவின் படங்களைப் பாருங்கள். தன் பிற்காலப் படங்களையெல்லாம் அவர் கிட்டத்தட்ட 50 மி.மீ.யிலேயே எடுத்திருக்கிறார்.

16. சின்ன சென்சார் பாடி வைத்திருப்பவர்களுக்கு ஸ்பீடு பூஸ்டர் என்ற அடாப்டர் நல்ல முதலீடு. 0.71 பூஸ்டரில் ஃபுல் ஃபிரேம் 35 மி.மீ. லென்ஸ் 25 மி.மீ.யாக மாறும், கூடவே ஒரு ஸ்டாப் வெளிச்சமும் சேரும். ஒரு லென்ஸுக்கு இரண்டு லென்ஸ்! உள்ளே கண்ணாடி இருப்பதால் மலிவுச் சரக்கை வாங்கினால் ஓரம் குழம்பும், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

17. எஃப் எண் என்பது கணக்கு, டி எண் என்பது கண்ணாடிகளைத் தாண்டி உண்மையில் உள்ளே வரும் வெளிச்சம். இரண்டு கம்பெனி லென்ஸை மாற்றி மாற்றிப் போடும்போது டி எண்ணை ஒன்றாக வைத்தால் எக்ஸ்போஷர் குதிக்காது, எடிட்டிங்கில் உட்கார்ந்து ஷாட் ஷாட்டாகச் சரிசெய்யும் வேலை மிச்சம்.

18. டி 1.3-க்காகக் கூடுதலாகப் பணம் கொட்ட வேண்டாம். அவ்வளவு திறந்து வைத்தால் நடிகர் லேசாக முன்னால் சாய்ந்தாலே ஃபோகஸ் போய்விடும். நல்ல ஃபோகஸ் புல்லர் இல்லாத யூனிட்டில் டி 2.8, டி 4 இரண்டும்தான் சோறு போடும்.

19. நம் ஊர் உச்சி வெயிலுக்கு எவ்வளவு என்.டி. (வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்) வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் போதும். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 என்றால் வெயிலுக்கு எஃப் 16 என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாம் வைப்பதோ ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 1/50. அதில் 4 ஸ்டாப் கூடிவிட்டது. எஃப் 2.8-க்குத் திறந்தால் இன்னும் 5. ஆக 9 ஸ்டாப்பை மறைக்க வேண்டும்: 0.9 ஒன்று, 1.8 ஒன்று, இரண்டையும் சேர்த்துப் போட்டால் சரியாக இருக்கும். நிழலுக்கு வந்ததும் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

20. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக ஃபில்டர் வாங்குவது வீண் செலவு. 77 அல்லது 82 மி.மீ.யில் நல்லதாக ஒரு செட் வாங்கி, சின்ன லென்ஸுக்கெல்லாம் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். வளையத்தை லென்ஸிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டால் எல்லா லென்ஸுக்கும் ஒரே அளவு மூடி போதும்.

21. வேரியபிள் என்.டி. கல்யாண வீட்டில் ஓடி ஓடி எடுப்பவர்களுக்கு ரொம்பச் சௌகரியம். வைடு லென்ஸில் கடைசிவரை திருப்பினால் ஃபிரேமின் நடுவில் பெருக்கல் குறிபோல ஒரு கறுப்பு வரும், முக்கால்வாசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

22. பழைய போட்டோ லென்ஸும் கைகொடுக்கும். ரஷ்யத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, எம்42 திருகு மவுண்ட், தூரம் 45.46 மி.மீ. என்பதால் இ.எஃப்.-க்கே அடாப்டர் உண்டு. இதன் அபெர்ச்சர் வளையம் 'டிக் டிக்' என்று நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், வீடியோவுக்கென்றே செய்ததுபோல. பின்னால் இலை, செடி இருக்கும்படி ஆளை நிறுத்தினால் பின்னணி சுழன்று தெரியும் அழகே தனி.

23. நிக்கான் ஏ.ஐ.-எஸ். லென்ஸ்களும் உழைக்கும், அபெர்ச்சர் வளையமும் உண்டு. ஃபோகஸ் மட்டும் பெரும்பாலான சினி லென்ஸ்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். ஒரே படத்தில் இரண்டையும் கலந்தால் ஃபோகஸ் புல்லரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிக்கான் லென்ஸின் பெயர் 'ஜி' என்று முடிந்தால் அபெர்ச்சர் வளையம் கிடையாது.

24. பழைய டகுமர் 50 மி.மீ. எஃப் 1.4 மஞ்சளடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் வரும் மஞ்சள் அது. சில நாள் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். அடியில் அலுமினியத் தாள் விரித்து, பேப்பர், திரைச்சீலை பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். லென்ஸ் வெயிலைக் குவித்தால் தீப்பிடிக்கும்.

25. செகண்ட் ஹேண்ட் லென்ஸைக் கையில் வாங்கியதும் மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் பூஞ்சை, வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால் ஒட்டிய கண்ணாடி பிரிகிறது என்று அர்த்தம். இரண்டில் எது இருந்தாலும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

26. கூர்மை பார்க்க டெஸ்ட் சார்ட் வாங்கத் தேவையில்லை, வரி விளம்பரம் உள்ள பேப்பரைச் சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டுங்கள். முழுதாகத் திறந்து ஒன்று, டி 2.8-ல் ஒன்று, டி 4-ல் ஒன்று எடுத்து, நான்கு மூலையிலும் எழுத்து படிக்க வருகிறதா என்று டிவியில் போட்டுப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் கேமரா சுவருக்கு நேராக இருந்ததா என்று பார்த்துவிட்டு இன்னொரு தடவை எடுங்கள். அப்போதும் மங்கினால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், பிறகு லென்ஸைச் சந்தேகப்படலாம்.

27. ஜன்னல் கம்பி ஃபிரேமின் ஓரத்தில் வரும்படி வைத்து, ஃபோகஸைக் கிட்டேயிருந்து தூரத்துக்குத் திருப்புங்கள். கம்பி உள்ளேயோ வெளியேயோ நகர்ந்தால் லென்ஸ் 'மூச்சு விடுகிறது'. பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கு நடுவே ஃபோகஸ் மாற்றும்போது இது கண்ணை உறுத்தும்.

28. பண்டிகைக்கு வாங்கிய சீரியல் பல்புகளை எறியாமல் வையுங்கள். பத்தடி பின்னால் தொங்கவிட்டு ஃபோகஸ் இல்லாமல் பார்த்தால், நடுவில் வட்டமாகவும் ஓரத்தில் எலுமிச்சை வடிவமாகவும் தெரியும். எது உங்கள் கண்ணுக்குப் பிடிக்கிறதோ அந்த லென்ஸ் உங்களுடையது. இதில் அடுத்தவர் பேச்சைக் கேட்க வேண்டியதே இல்லை.

29. ஜூம் வாங்குகிறீர்களா? கடையிலேயே முழு டைட்டில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, மெதுவாக வைடுக்கு வந்து பாருங்கள். நடுவில் எங்கேயும் மங்காமல் இருந்தால்தான் ஷாட்டுக்குள்ளேயே ஜூம் செய்ய முடியும். போட்டோ ஜூம்கள் பலவும் இந்தப் பரீட்சையில் தேறாது.

30. ஃபோகஸ் வளையம் எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்று பாருங்கள். போட்டோ லென்ஸ் கால் சுற்றிலேயே முடிந்துவிடும், சினி லென்ஸ் அரைச் சுற்றுக்கு மேல் போகும். சுற்று அதிகமானால் நுணுக்கமாக நிறுத்தலாம். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் எலெக்ட்ரானிக் வளையம் உள்ள லென்ஸில் மார்க் போடவே முடியாது, பாடி மாறினால் அது ஓடுமா என்பதும் சந்தேகம்.

31. போட்டோ லென்ஸுக்கு ஃபாலோ ஃபோகஸ் மாட்ட 0.8 மாட் பல் வளையம் தனியாக விற்கிறது, லென்ஸின் சுற்றளவை நூலால் அளந்துகொண்டு போய் வாங்குங்கள். மார்க் போட வெள்ளை பேப்பர் டேப்பும் பென்சிலும் போதும். செல்லோ டேப் ஒட்டினால் வெயிலில் பசை உருகிப் பிசுபிசுக்கும்.

32. தூரத்தை டேப்பால் அளக்கும்போது லென்ஸின் முனையிலிருந்து அளக்காதீர்கள். பாடியின் மேல் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், சென்சார் அங்கேதான் இருக்கிறது. லென்ஸில் அச்சடித்த அடி எண்கள் அங்கிருந்துதான் கணக்கு.

33. புது அடாப்டர் வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் நிலாவை ஃபோகஸ் செய்து பாருங்கள். இன்ஃபினிட்டி வருமுன்பே வளையம் முட்டி நின்றால் அடாப்டர் கனம் கூடுதல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்ஃபினிட்டி தாண்டிக் கொஞ்சம் போனால் பாதகமில்லை, லென்ஸில் உள்ள எண்ணை நம்பாமல் உங்கள் மார்க்கை நம்புங்கள்.

34. ரசம் கொதிப்பது, மூக்குத்தி, தாலி முடிச்சு போன்ற ஷாட்டுக்காக மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டாம். முன்னால் திருகும் +2 க்ளோஸ்-அப் ஃபில்டர் போட்டால், இன்ஃபினிட்டியில் இருக்கும் லென்ஸ் அரை மீட்டரில் ஃபோகஸ் ஆகும். ஒரு மீட்டருக்குள் நெருங்க முடியாத 85 மி.மீ.க்கு இது பெரிய உதவி.

35. கிம்பலில் ஓட்டுபவர்கள் ஒரே வரிசை லென்ஸாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் நல்லது. எடையும் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் லென்ஸ் மாற்றும்போது முழு பேலன்ஸும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, நிறமும் ஒத்துப்போகும்.

36. கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க: தோல் உறையில் லென்ஸை வைக்காதீர்கள், பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி இருந்தால் தனி அலமாரி தேவையில்லை. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் போதும். நிறம் மாறிய ஜெல்லைச் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறுதீயில் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடலாம்.

37. ஏ.சி. மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படர்வதைத் தடுக்க, உள்ளேயே ஜிப் கவரில் போட்டு இறுக மூடி எடுத்து வாருங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் நீர் கண்ணாடியில் படியாது.

38. தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் கறை. மருந்துக்கடையில் காது கழுவ விற்கும் ரப்பர் பல்பை வாங்கி, உள்ளேயிருக்கும் பவுடர் போகக் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். பாடியிலிருந்து லென்ஸைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் அடாப்டரின் உட்பக்கத்தையும் ஒரு ஊது ஊதிவிட்டே மாட்டுங்கள். உலோகம் தேய்ந்த பொடி அங்கேதான் சேர்ந்திருக்கும்.